லைன் போனால் முதலில் எதைப் பார்ப்பது?

(சிறு வணிகர்களுக்கான தொலைக்காட்சிக் கருத்தரங்கிற்காகச் சுங்கை பூலோவில் பதிவு செய்யப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



"லைன் போயிடுச்சு." நம் கடைகளில் இந்த இரண்டு சொற்களுக்கு எத்தனை பொருள் தெரியுமா? கல்லாவில் உள்ள கணினி நகரவில்லை என்றாலும் லைன் போயிடுச்சு. பிரிண்டர் பில் அடிக்கவில்லை என்றாலும் லைன் போயிடுச்சு. கிள்ளான் கிளையின் கணக்கு சுங்கை பூலோ கடையில் தெரியவில்லை என்றாலும் அதே லைன்தான். உடனே இணைய நிறுவனத்துக்குப் போன் போடுகிறோம். அரை மணி நேரம் பாட்டுக் கேட்கிறோம். "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது" என்கிறார்கள். கோபம் வருகிறது. பெட்டியை அணைத்துப் போடுகிறோம். சில நாள் வேலை செய்கிறது, சில நாள் செய்வதில்லை.

கேமராவுக்கு முன்னால் பேசுகிறவளுக்கு ரவுட்டரைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். இந்த உரைக்காகப் பல வாரங்கள் தொழில்நுட்பர்களோடு உட்கார்ந்தேன். அதற்கும் மேலாக, எனக்கு நன்கு தெரிந்த ஒரு குடும்பம் இதே வட்டாரத்தில் செடி நர்சரி நடத்துகிறது. 2020இல் அவர்கள் ஏழு ஆண்டுக் கணக்கை ஒரே இரவில் இழந்தார்கள். அது எப்படி நடந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் லைன் எங்கே போனது என்று கண்டுபிடிக்கும் வழியைப் பார்ப்போம்.

கணினியில் 'பிங்' என்று ஒரு கட்டளை உண்டு. "ஐயா, இருக்கிறீர்களா?" என்று வாசலில் நின்று குரல் கொடுப்பது போன்றது அது. மூன்று வாசல்களில் குரல் கொடுக்க வேண்டும். முதல் வாசல் உங்கள் ரவுட்டர். அதன் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். அங்கிருந்தே பதில் வரவில்லையா? இணைய நிறுவனத்துக்குப் போன் செய்வது வீண். பழுது உங்கள் நான்கு சுவருக்குள் இருக்கிறது. கேபிளாக இருக்கலாம், சுவிட்சாக இருக்கலாம், வைஃபையாக இருக்கலாம். உங்கள் கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் அதற்கு முகவரியே கொடுக்கவில்லை, அது தானாக ஒன்றைச் சூட்டிக் கொண்டது என்று பொருள்.

ரவுட்டர் பதில் சொல்கிறது என்றால் இரண்டாவது வாசல், 8.8.8.8. கூகள் நிறுவனம் பொதுமக்களுக்காக வைத்திருக்கும் முகவரி அது. ரவுட்டர் பதில் சொல்லி, இது சொல்லவில்லை என்றால் பழுது வெளியே போகும் இணைப்பில் இருக்கலாம். அப்போது தாராளமாகப் போன் செய்யுங்கள். மூன்றாவது வாசல், ஏதாவது ஓர் இணையத்தளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்ற சேவையில்தான் கோளாறு. லைன் போகவே இல்லை. தொலைபேசிப் புத்தகம்தான் தொலைந்திருக்கிறது.

ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல்தான் பல கடைகளில் நல்ல ரவுட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குகிறார்கள்.

இப்போது சுவிட்ச். விளக்குப் போடும் சுவிட்ச் அல்ல. ஐந்து அல்லது எட்டு கேபிள் செருகும் துளைகள் கொண்ட சிறு பெட்டி. மேசைக்கு அடியில் தூசு படிந்து கிடக்கும். கடையைக் கூட்டிப் பெருக்கும்போது ஒரு கேபிள் கழன்று கிடக்கிறது. நல்ல மனமுள்ள ஒருவர் அதை எடுத்து, காலியாக இருந்த துளையில் செருகிவிடுகிறார். அதன் மறுமுனை ஏற்கெனவே அதே சுவிட்சில்தான் இருக்கிறது! அவ்வளவுதான். எல்லாருக்கும் போக வேண்டிய செய்தி ஒன்று வட்டமாகச் சுற்றத் தொடங்குகிறது. சுற்றச் சுற்றப் பெருகுகிறது. சில நொடிகளில் கடை முழுவதும் நின்றுவிடும். அடையாளம் என்ன? சுவிட்சில் உள்ள எல்லா விளக்குகளும் ஒரே சமயத்தில் வெறி பிடித்ததுபோல் மின்னும். கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் அமைதி திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி.

இது சிறு கடைக்கு மட்டும் வரும் நோய் என்று நினைக்க வேண்டாம். 2002ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் தேதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் கணினி வலையமைப்பே இப்படிப் படுத்துவிட்டது. வட்டச் சுழற்சியைத் தடுக்க 'ஸ்பேனிங் ட்ரீ' என்று ஒரு முறை இருக்கிறது. ரேடியா பெர்ல்மன் என்ற பெண்மணி 1985இல் உருவாக்கியது. ஆனால் அந்த மருத்துவமனை ஆண்டுக்காண்டு சுவிட்சோடு சுவிட்சை இணைத்து, அந்த முறை தாங்கும் எல்லையைத் தாண்டி வளர்ந்துவிட்டது. ஓர் ஆய்வாளரின் மென்பொருள் பெரும் அளவில் தரவுகளை அனுப்பத் தொடங்கியதும் எல்லாம் கவிழ்ந்தது. ஏறக்குறைய நான்கு நாட்கள் மருத்துவர்கள் காகிதத்தில் மருந்துச் சீட்டு எழுதினார்கள். மருத்துவமனையின் தகவல் துறைத் தலைவர் ஜான் ஹலாம்கா நடந்ததை மூடி மறைக்காமல் உலகுக்குச் சொன்னார் என்பதால்தான் இன்று நாம் அதைப் பேசுகிறோம். நாம் கடையில் வாங்கும் விலை மலிவான சுவிட்சுகள் பலவற்றில் அந்தத் தடுப்பு முறை கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து இடி. உலகிலேயே அதிகமாக இடி இடிக்கும் இடங்களில் நம் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. செம்புத் தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வந்த காலத்தில் மாலையில் வானம் இருண்டாலே ஓடிப்போய் மோடத்தைக் கழற்றுவோம், இல்லையா? 2010 மார்ச்சில் யூனிஃபை வந்தபின் கண்ணாடி இழை பரவியது. கண்ணாடியில் மின்சாரம் பாயாது. அதனால் பயம் போய்விட்டது. பயம் போனது சரிதான், ஆபத்து முழுவதும் போகவில்லை. மின்கம்பி வழியாக அது வரும். சுங்கை பூலோ நர்சரிகளில் இன்னொரு வழியும் உண்டு. முன் வாசலில் கல்லா, பின்னால் உரக் கொட்டகை. நடுவே திறந்த வெளியில், பூந்தொட்டிகளுக்கு இடையில், செம்புக் கேபிள் ஓடுகிறது. பக்கத்தில் எங்காவது மின்னல் விழுந்தால் போதும், அந்தக் கேபிளில் மின்னழுத்தம் ஏறி இரண்டு முனையிலும் உள்ள சுவிட்சைச் சுட்டுவிடும். சில சமயம் எட்டுத் துளைகளில் இரண்டு மட்டும் செத்திருக்கும், விளக்கு எரியும், ஆனால் தரவு போகாது. பார்ப்பவர்கள் குழம்பிப் போவார்கள். கேபிளை வேறு துளைக்கு மாற்றிப் பாருங்கள். கட்டடத்துக்குக் கட்டடம் போவதற்குக் கண்ணாடி இழையோ வைஃபை இணைப்போதான் நல்லது. செம்புக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் எப்படியும் போகக் கூடாது.

இனி அந்த நர்சரிக்கு வருகிறேன்.

1930இல் தொழுநோயாளர்களுக்காக இங்கே குடியிருப்பு அமைத்தார்கள். அங்கிருந்தவர்கள் செடி வளர்த்து விற்றதிலிருந்து சுங்கை பூலோவின் நர்சரித் தொழில் தழைத்தது என்பது உங்களுக்குத் தெரிந்த வரலாறு. நான் சொல்லும் அண்ணன் பின்னாளில் இத்தொழிலுக்கு வந்தவர். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கடை மூடிக் கிடந்தது. மகள் வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்க வேண்டும். வி.பி.என். போட்டார்கள். வி.பி.என். என்பது பொது இணையத்துக்குள் பூட்டுப் போட்ட தனிக் குழாய். வீட்டிலிருந்து கடைக்கு அந்தக் குழாய் போட்டாயிற்று. திரையில் 'இணைந்தது' என்று வருகிறது. ஆனால் கடைக் கணினியைத் திறக்க முடியவில்லை.

"அப்பா, கனெக்ட் ஆகுது, ஆனா உள்ளே போக மாட்டேங்குது" என்று மகள் சொல்லிக் கொண்டே இருந்தார். அமைத்துக் கொடுத்த தம்பி இரண்டு நாள் தொலைபேசியிலேயே போராடினார். மூன்றாவது நாள், "இது சரிவராது அண்ணே, வேறு வழி செய்கிறேன்" என்று, ரவுட்டரில் 3389 என்ற எண்ணுள்ள கதவை உலகத்துக்கே திறந்துவிட்டார். தொலைவிலிருந்து ஒரு விண்டோஸ் கணினியை இயக்கும் கதவு அது. உடனே வேலை செய்தது! எல்லாருக்கும் மகிழ்ச்சி.

சில வாரங்களில் ஒரு காலை. கணக்குக் கோப்புகள் ஒன்றும் திறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் புதுப் பெயர். திரையில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம், பிட்காயினில் பணம் கேட்டு. இணையத்தில் உள்ள முகவரிகளை எல்லாம் இரவும் பகலும் தட்டிப் பார்த்துக் கொண்டிருக்கும் நிரல்கள் இருக்கின்றன. அவை இந்தக் கதவைக் கண்டுபிடித்து, கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே வந்திருக்கின்றன. நகல் வைத்த வட்டும் அதே கணினியில் செருகியே இருந்தது, அதுவும் போயிற்று. யார் எவ்வளவு கடன் தர வேண்டும் என்ற பட்டியலும் போயிற்று. நிலவடிவமைப்புக் குத்தகைக்காரர்கள் மாதக் கடனில் செடி எடுப்பவர்கள். அண்ணன் பணம் கட்டவில்லை. கார்பன் தாள் வைத்து எழுதிய பழைய பில் புத்தகங்களை எடுத்து வைத்துக் கொண்டு, மகளும் அவருமாக மாதக் கணக்கில் எழுதினார்கள். "நான் எவ்வளவு தரணும்?" என்று தாங்களாகவே போன் செய்து கேட்டவர்களும் உண்டு, பேசாமல் இருந்துவிட்டவர்களும் உண்டு.

முதலில் ஏன் வி.பி.என். வேலை செய்யவில்லை? விடை மிகச் சிறியது. கடையின் முகவரிகள் 192.168.1 என்று தொடங்கின. வீட்டு முகவரிகளும் 192.168.1 என்றே தொடங்கின. பெட்டியோடு வந்த அமைப்பை யாரும் மாற்றவில்லை. மகளின் கணினி, கடையில் உள்ள 192.168.1.10ஐத் தேடும்போது, "இது நம் வீட்டு முகவரிதானே" என்று வீட்டுக்குள்ளேயே தேடியது. குழாய் இருந்தும் அதன் வழியாக எதுவும் போகவில்லை. ஒரே தெருப் பெயர் இரண்டு தாமான்களில் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? கடையின் முகவரியை 192.168.37 என்று மாற்றியிருந்தால் முடிந்திருக்கும். பிரிண்டருக்கும் சி.சி.டி.வி. பெட்டிக்கும் புது முகவரி கொடுக்க அரை நாள் ஆகியிருக்கும், அவ்வளவுதான். சொந்த வலையமைப்புகளுக்கு என்று 1996இலேயே கோடிக்கணக்கான முகவரிகளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நாம் எல்லாரும் அந்த ஒரே ஒன்றில் போய் உட்கார்ந்து கொள்கிறோம்.

அந்தத் தம்பியை நான் குறை சொல்ல வரவில்லை. அந்த நேரத்தில் எல்லாருக்கும் நெருக்கடி. ஆனால் காரணம் தெரியாமல் சுற்று வழி போட்டால், அந்தச் சுற்று வழியைப் பிறகு யாரும் மூடுவதில்லை.

வி.பி.என். பற்றி இன்னும் இரண்டு செய்திகள், விரைவாக. இணைகிறது, சிறு வேலைகள் நடக்கின்றன, ஆனால் பெரிய கோப்போ கணக்குத் திரையோ பாதியில் உறைந்து நிற்கிறது என்றால், உறை பெரிதாகிவிட்டது என்று பொருள். சாதாரணமாக ஒரு பொட்டலம் 1500 பைட். பயனர் பெயர் கொடுத்து நுழையும் கண்ணாடி இழை இணைப்பு அதில் 8 பைட்டை எடுத்துக் கொள்ளும். வி.பி.என். தன் பூட்டுக்காக இன்னும் கொஞ்சம் எடுக்கும். உறைக்குள் உறை போட்டால் கடிதம் சிறியதாக இருக்க வேண்டும் அல்லவா? எம்.டி.யு. என்ற அளவை 1400க்குக் குறைத்துப் பாருங்கள். மற்றொன்று, ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், நீங்கள் பல வாடிக்கையாளர்களோடு ஒரே வாசலைப் பகிர்ந்து கொண்டிருக்கிறீர்கள். வெளியிலிருந்து யாரும் உங்கள் கடையைத் தட்ட முடியாது. நிறுவனத்திடம் தனிப் பொது முகவரி கேளுங்கள், அல்லது குழாயைக் கடைப் பக்கத்திலிருந்து தொடங்கும்படி அமையுங்கள். பழைய பி.பி.டி.பி. முறை மட்டும் வேண்டாம். அதன் பூட்டை எளிதில் உடைக்கலாம் என்று 2012இலேயே காட்டிவிட்டார்கள்.

அணைத்துப் போடுவது தவறா என்று கேட்பீர்கள். தவறில்லை. 2018 மே மாதம் 'வி.பி.என். ஃபில்டர்' என்ற தீநிரல் குறைந்தது 54 நாடுகளில், 5 லட்சம் ரவுட்டர்களிலும் பிற கருவிகளிலும் புகுந்திருப்பதாக சிஸ்கோவின் தாலோஸ் குழு அறிவித்தது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யே "ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்" என்றுதான் கேட்டுக் கொண்டது! ஆனால் அந்தத் தீநிரலின் முதல் பகுதி, அணைத்துப் போட்டாலும் அழியாமல் உள்ளேயே இருந்தது. அதை முற்றாக நீக்க, பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய், மென்பொருளைப் புதுப்பித்து, கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டியிருந்தது. ஆகவே அணைத்துப் போடும் முன் ஒரு நிமிடம், எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை என்று கைப்பேசியில் படம் எடுத்துக் கொள்ளுங்கள். அணைத்த பிறகு அந்தச் சாட்சி கிடைக்காது. ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். கோப்புகள் பூட்டப்பட்டிருந்தால் எதையும் தொடாமல் கேபிளைக் கழற்றிவிட்டு, சைபர் செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவி மையத்தைத் தொடர்பு கொள்ளுங்கள்.

போன மாதம் அந்த நர்சரிக்குப் போயிருந்தேன். கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்துக்குக் கீழே ஒரு தாள் ஒட்டியிருந்தது. ரவுட்டரின் முகவரி, எந்தக் கேபிள் எங்கே போகிறது, கடைசியாக எதை யார் எந்தத் தேதியில் மாற்றினார்கள், எல்லாம் மகளின் கையெழுத்தில். கடவுச்சொல் மட்டும் அதில் இல்லை. "அது எங்கே அண்ணே?" என்றேன். "அது என் மகளுக்கும் எனக்கும்தான் தெரியும், தங்கச்சி. டி.வி.யில சொல்லிடாதீங்க" என்றார்.