இன்ஜின் வேலைக்குப் பின் மின்சாரம் இழந்த மோட்டார் சைக்கிள்

இன்ஜினை இறக்கிப் பிரித்து, போர் போட்டு, பிஸ்டன் மாற்றி மறுபடி ஏற்றிய மோட்டார் சைக்கிள்களில் அடிக்கடி காணும் சிக்கல் ஒன்று உண்டு. சாவியைத் திருப்பினால் நியூட்ரல் விளக்கு எரியாது. சிலவற்றில் விளக்கு எரியும். செல்ஃப் பட்டனை அழுத்தியதும் அணைந்துபோகும். வேறு சிலவற்றில் எல்லாம் சரியாக இருப்பதுபோல் ஓடி, இரண்டு மூன்று நாளில் பேட்டரி இறங்கிவிடும். பிஸ்டனுக்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இன்ஜினை வெளியே எடுக்க வேண்டுமானால் பேட்டரி ஒயர், எர்த் ஒயர், காயில் கப்ளர், நியூட்ரல் சுவிட்ச் ஒயர் என ஒவ்வொன்றையும் கழற்றியாக வேண்டும். ஆகவே பழுது பெரும்பாலும் கை பட்ட இடத்திலேயே இருக்கும். அதை விட்டுவிட்டுப் புதுப் பேட்டரி, புது ரெகுலேட்டர், புதுக் காயில் என்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டிப் பார்ப்பது வண்டிக்காரரின் பணத்தை வீணாக்கும் வழக்கம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் அளந்தே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் பேட்டரி. பட்டறையில் வண்டி வாரக்கணக்கில் நின்றிருக்கும். சும்மா நின்றாலே ஈய பேட்டரி தானாக இறங்கும். ஓய்வில் இருக்கும் நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும். 12.4க்குக் கீழே என்றால் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் அடுத்த சோதனைக்குப் போக வேண்டும். சோர்ந்த பேட்டரியை வைத்துக்கொண்டு செய்யும் சோதனைகள் தவறான முடிவைத் தரக்கூடும். டெர்மினல்களை மாற்றி இணைத்துவிட்டார்களா என்பதையும் அப்போதே பார்ப்பது நல்லது. ஒரே ஒரு முறை தலைகீழாக இணைத்தாலும் ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் கருகிவிடக்கூடும்.

அடுத்தது பியூஸ். எரிந்த பியூஸை மாற்றியதும் மறுபடி எரிந்தால், எங்கோ ஓர் ஒயர் வண்டியின் உடம்பைத் தொடுகிறது என்று பொருள். அங்கே பியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றிவிடுவது ஆபத்து. ஒயரிங் கிட் முழுவதும் எரிந்துபோகலாம். பியூஸ் இருந்த இடத்தில் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை இணைப்பதே பாதுகாப்பான வழி. ஷார்ட் இருக்கும் வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். பல்பே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் ஒயர் சூடாகாது. பிறகு கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வர வேண்டும். எதைப் பிரித்ததும் வெளிச்சம் மங்குகிறதோ, ஷார்ட் அந்தப் பக்கம் இருக்கிறது.

இன்ஜின் வேலை முடிந்த வண்டியில் முதல் சந்தேகம் விழ வேண்டிய இடம் எர்த். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து தடித்த ஒயர் ஒன்று இன்ஜினுக்கோ சேஸிஸுக்கோ போகிறது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் முழுவதும் அந்த வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். இன்ஜினை ஏற்றும்போது அந்த ஒயரை மாட்ட மறப்பது உண்டு. மாட்டியிருந்தும் பயனில்லாமல் போவது அதைவிட அதிகம். வேலையோடு வேலையாக இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் பெயின்ட் அல்லது பவுடர் கோட்டிங் கொடுத்திருப்பார்கள். பார்வைக்கு அழகான அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் ஒயரின் முனை பெயின்ட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

இந்தப் பழுது மெக்கானிக்கை ஏமாற்றக்கூடியது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், போல்ட் வழியாக அரைகுறைத் தொடர்பு இருந்தாலே அது ஒலி எழுப்பும். அந்தச் சோதனையில் ஓடும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது. இணைப்பில் பத்தில் ஒரு பங்கு ஓம் தடை இருப்பதாகக் கொள்ளலாம். நியூட்ரல் விளக்குக்கு அது ஒரு பொருட்டே அல்ல. செல்ஃப் மோட்டார் 50 ஆம்பியர் இழுக்கும்போது அதே இடத்தில் 5 வோல்ட் தொலைந்துவிடும். மீதியை வைத்து இன்ஜின் சுற்றாது. விளக்கு எரிந்தும் செல்ஃப் ‘டக்’ என்ற ஒலியோடு நின்றுபோவது இதனால்தான். எனவே பளு ஏறியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை இன்ஜினின் சுத்தமான உலோகப் பகுதியிலும் பிடித்து, செல்ஃபை அழுத்த வேண்டும். அளவு பூஜ்யத்தை ஒட்டி நின்றால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் இணைப்பைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்து, மறுபடி இறுக்க வேண்டும். பாசிட்டிவ் பக்கத்தையும் இதே முறையில், பேட்டரி முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் முனைக்கும் இடையே அளக்கலாம்.

பேட்டரி, எர்த் இரண்டும் சரியாக இருந்தும் சில நாளில் பேட்டரி இறங்குகிறது என்றால் சார்ஜ் ஆகவில்லை. இன்ஜினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். 12.5லேயே நின்றால் மின்சாரம் உற்பத்தியாகவில்லை, அல்லது வழியில் நின்றுவிடுகிறது. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை. அதன் எர்த் இணைப்பையும் பெயின்ட் மறைத்திருக்கலாம். இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புது வண்டிகளில் இன்ஜின் ஓடும் வரை முகப்பு விளக்கும் எரிந்துகொண்டே இருக்கிறது. அதனால் சார்ஜ் வராத வண்டியில் பேட்டரி முன்னைவிட விரைவாக இறங்கும். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்பும் பேட்டரியை நம்பியே இருப்பதால் அது நடுவழியில் நின்றும் போகும்.

சார்ஜ் வராத வண்டியில் தேட வேண்டியது, மின்சாரத்தை உற்பத்தி செய்யும் ஸ்டேட்டர் காயிலிலிருந்து வெளியே வரும் ஒயரை. மேக்னெட் கவரை மூடும்போது அந்த ஒயர் ரப்பர் அடைப்பிலிருந்து சற்று நழுவி, கவருக்கும் கேஸுக்கும் நடுவே நசுங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து எதுவும் தெரியாது. சென்னையில் 1955இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூர் ஆலையில் நெடுங்காலம் தயாரித்த வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் இந்த இடம் இன்னும் நெருக்கடியானது. ஸ்டேட்டர் இடப்பக்கத்துப் பிரைமரி கேஸுக்குள், செயினுக்கு அருகில் இருக்கிறது. ஒயரை ஒதுக்கிக் கட்டாவிட்டால் ஓடும் செயின் அதன் தோலை உரித்துவிடும். ஸ்டேட்டருக்கும் சுழலும் ரோட்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியும் சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ரோட்டர் காந்தம் என்பதால் மேசையில் கிடந்த வாஷரையோ இரும்புத் துகளையோ இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். மாட்டுவதற்கு முன் அதைத் துடைத்துப் பார்க்காமல் விட்டால் காயிலே கிழிந்துபோகும்.

அந்த ஒயர் நசுங்கியிருக்கிறதா என்பதைக் கவரைத் திறக்காமலே சோதிக்க முடியும். ஸ்டேட்டர் கப்ளரைப் பிரித்துவிட்டு ஒவ்வொரு ஒயருக்கும் இன்ஜின் உடம்புக்கும் இடையே தடையை அளக்க வேண்டும். தொடர்பு காட்டக் கூடாது. காட்டினால் ஒயர் எங்கோ உடம்பைத் தொடுகிறது. சில பழைய வண்டிகளில் மட்டும் காயிலின் ஒரு முனையை உடம்போடு இணைத்தே செய்திருப்பார்கள். மூன்று ஒயர் வரும் காயிலில், எந்த இரண்டு ஒயருக்கு இடையிலும் ஒரே குறைந்த தடை வர வேண்டும். பிறகு இன்ஜினை ஓடவிட்டு ஏசி வோல்ட்டில் அளந்தால் மூன்று இணைகளிலும் ஒரே அளவு வந்து, வேகத்தோடு ஏற வேண்டும். அந்த வோல்ட் பல பத்துகளுக்குப் போகும் என்பதால் வெறும் முனையைக் கையால் தொடக் கூடாது. அளவு மாடலுக்கு மாடல் மாறும். மூன்றும் சமமாக வருகிறதா என்பதே கவனிக்க வேண்டியது. மூன்றும் சமமாக வந்தும் பேட்டரிக்குச் சார்ஜ் போகவில்லையென்றால், ரெகுலேட்டரையும் அதிலிருந்து பேட்டரி வரை போகும் ஒயரையும் பார்க்க வேண்டும்.

மின்சாரம் விட்டுவிட்டு வரும் பழுதுக்குப் பொறுமை வேண்டும். சாவியைப் போட்டு வைத்து, ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்ப வேண்டும். விளக்கு சிமிட்டினால் ஹேண்டிலுக்குக் கீழே திரும்பும் ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது இழுபடுகிறது. அடுத்து கப்ளர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்க வேண்டும். கழற்றி மாட்டும்போது உள்ளே இருக்கும் பித்தளை முனை பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கும். வெளியே பிளாஸ்டிக் நன்றாகப் பொருந்தியதுபோல் தெரியும். அதை முன்னுக்குத் தள்ளிப் பூட்டிவிட்டு, ஒயர் சைலன்ஸரையும் சிலிண்டரையும் தொடாதபடி கட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு பேட்டரி முனையில் வோல்ட்டை இன்னொரு முறை அளக்க வேண்டும்.