உயில் எழுதுவது அபசகுனமன்று
(ஆலயக் குடும்ப தின விழாவில் ஆற்றிய உரை)



34 ஆண்டுகள் பள்ளியில் பாடம் சொன்னவன் நான். இன்று என் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன்.

2009ஆம் ஆண்டு என் தம்பி மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 44. மனைவி, பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள். கருமக்கிரியை முடிந்ததும் தம்பி மனைவியை ஊழியர் சேமநிதி அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றேன். பணத்துக்கு உரியவர் என்று அங்கே பதிவாகியிருந்தது என் பெயர்! தம்பி வேலைக்குச் சேர்ந்த புதிதில், திருமணத்துக்கு முன்பே, எழுதிக் கொடுத்த பாரம் அது. பிறகு மாற்ற மறந்துவிட்டார். முஸ்லிம் அல்லாதவர்களைப் பொறுத்தவரை, நியமிக்கப்பட்டவருக்கே அந்தப் பணம் சொந்தம்.

தம்பி மனைவி ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. பணம் வந்த அன்றே அவர் கணக்கில் சேர்த்தேன். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு தாயும் பிள்ளைகளும் பிழைப்பது, கணவரின் அண்ணன் மனசாட்சியை நம்பியா இருக்க வேண்டும்?

வீடும் தம்பி பெயரில்தான். உயில் இல்லை. தீபகற்ப மலேசியாவில், 1958ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டப்படி, பெற்றோரும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. மகன் வீட்டில் பங்கு கேட்க எங்கள் அம்மா கனவிலும் நினைத்ததில்லை. ஆனாலும் அந்த வயதில் வழக்கறிஞர் அலுவலகப் படியேறிக் கையெழுத்திட்டார். நிர்வாகப் பத்திரம் கைக்கு வரவே இரண்டு ஆண்டுகள் ஆயின.

1959ஆம் ஆண்டின் உயில் சட்டப்படி, 18 வயது நிரம்பி, தெளிந்த மனத்தோடு இருப்பவர் உயில் எழுதலாம். இரண்டு சாட்சிகள் ஒருசேர உடனிருக்கக் கையெழுத்திட வேண்டும். அவர்களும் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். சாட்சிக்கோ, சாட்சியின் கணவன் மனைவிக்கோ எழுதிய சொத்து செல்லாது. ஆகவே, சொத்துப் பெறுகிறவரைச் சாட்சியாக்காதீர்கள். உயில் எழுதிய பின் திருமணம் செய்தால், பொதுவாகப் பழைய உயில் ரத்தாகும். உயிலை நிறைவேற்றுபவரையும் சிறு பிள்ளைகளுக்குக் காப்பாளரையும் அதிலேயே குறிப்பிடுங்கள். சொத்து மனைவி பெயரிலும் இருக்கலாம்; அவரும் எழுதட்டும்.

ஆலயத்துக்கு ஒரு பங்கு எழுத விரும்புவோரைத் தடுக்கவில்லை. ஆனால் வீட்டாருக்கு வழிசெய்துவிட்டுப் பிறகு எழுதுங்கள். அதுவும் அறமே.

உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்பார்கள். தம்பி போன ஆண்டே நான் எழுதிவிட்டேன். இதோ, இன்னமும் உங்கள் முன் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன்!

வீடு திரும்பியதும் ஒன்றை மட்டும் பாருங்கள்: உங்கள் சேமநிதியில் இருப்பது யார் பெயர்?