வண்டி நிற்கும் நாட்களுக்குக் கூலி யார் தருவது?

(டெல்லியில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற கட்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற ஆண்டு மழைக்காலம் முடியும் தறுவாயில் அஜ்மீரிலிருந்து ஜெய்ப்பூருக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். கிஷன்கட்டைக் கடந்ததும் ஒரு தாபாவில் பேருந்து நின்றது. அங்கே ஒரு லாரி, பின்சக்கரம் கழற்றப்பட்டு, ஜாக்கியின் மீதும் மரக்கட்டைகளின் மீதும் நின்றிருந்தது. மோர்பியிலிருந்து டெல்லிக்கு டைல்ஸ் ஏற்றி வந்த வண்டி. ஹப் பேரிங் எரிந்து அன்று மூன்றாம் நாள். ஓட்டுநர் பீகாரைச் சேர்ந்தவர். என் மூக்குக்கண்ணாடியையும் தோள்பையையும் பார்த்துவிட்டு, "பாபுஜி, இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்" என்று ஒரு தாளை நீட்டினார். ஆங்கிலத்தில் அச்சிட்ட ஈ-வே பில். அன்று நள்ளிரவோடு அது காலாவதியாகிறது என்று இந்தியில் சொன்னேன். அந்த ஆண்டு நான் செய்த மொழிபெயர்ப்புகளில் உடனடியாக ஒருவருக்குப் பயன்பட்டது அதுவாகத்தான் இருக்கும்.

அந்தத் தாளின் கணக்கைச் சற்று விளக்க வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு சாலையில் செல்ல 2018 ஏப்ரல் முதல் அது கட்டாயம். முதலில் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்றிருந்த அவகாசத்தை 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று இறுக்கினார்கள். மோர்பியிலிருந்து டெல்லிக்கு ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். ஆகவே ஆறு நாள். பில் போட்டபின் வண்டி இரண்டு நாள் புறப்படாமல் நின்றது புக்கிங் ஆபீஸின் தாமதம். சக்கரம் எரிந்தது வண்டியின் பழுது. கடிகாரம் இரண்டையும் பார்ப்பதில்லை. காலாவதிக்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் நீட்டித்துக்கொள்ள வழி உண்டு. ஆனால் அதை இணையத்தில் செய்ய வேண்டியவர் ஓட்டுநர் அல்லர், ஆபீஸில் இருப்பவர். அவர் மறந்தால் சோதனையில் வண்டியும் சரக்கும் தடுத்து வைக்கப்படும். அபராதம் வரியைப் போல் இரு மடங்கு. தடுத்து வைத்த வண்டிக்குக் காவல் இருப்பதோ இவர்தான்.

அவர் கோபமெல்லாம் கைபேசியின் மீது இருந்தது. பேரிங் வாங்கப் பணம் அனுப்புகிறேன் என்ற முதலாளி இரண்டு நாளாக "இதோ" என்கிறார். புக்கிங் ஆபீஸ் மணிக்கு ஒரு முறை "எங்கே நிற்கிறாய்?" என்று கேட்கிறது. "ஜிபிஎஸ்ஸில் அவர்களுக்கே தெரிகிறது, பிறகு ஏன் கேட்கிறார்கள்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. வண்டியை விட்டு அகலவும் முடியாது. டீசல் போகும், பேட்டரி போகும், ஸ்டெப்னி போகும். கிளீனர் வைக்கும் வழக்கத்தை முதலாளி எப்போதோ நிறுத்திவிட்டார். டிரிப்புக்கு இவ்வளவு என்று பேசிய தொகையில் சாப்பாடும் அடக்கம். நிற்கும் ஒவ்வொரு நாளும் அந்தத் தொகை கரைகிறது.

இடையே ஒன்று. 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தை முன்பு தமிழாக்கியபோது, வண்டி பழுதாகி நிற்பதற்கு 'முறிவு' என்று எழுதினேன். எலும்புக்கும் உறவுக்கும் பொருந்தும் சொல். நம் லாரிக்காரர்கள் 'வண்டி படுத்துவிட்டது' என்பார்கள். படுத்த வண்டிக்குப் பக்கத்தில் மூன்று இரவு உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்த பிறகுதான் அந்த வழக்கின் பொருத்தம் எனக்கு விளங்கியது.

அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. நெடுந்தொலைவுக்கு 10 மணியும் 54 மணியும் வரை விட்டது. வண்டி பழுதானால் என்ன என்பதையும் அதே பிரிவு பேசியது: அப்போது தொழிலாளியைக் கூடுதல் நேரம் வேலை வாங்க முதலாளிக்கு அனுமதி இருந்தது! சட்டத்தின் கண்ணில் பழுது என்பது முதலாளியின் சங்கடம். 1988 மோட்டார் வாகனச் சட்டம் இந்த வேலைநேரத்தை எல்லாச் சரக்கு வாகன ஓட்டுநர்களுக்கும் உரியதாக்கியது. ஆனால் 1961 சட்டத்தின் மற்ற பாதுகாப்புகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கே இருந்தன. ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்போரே மிகுந்த இந்தத் தொழிலில் அது எத்தனை பேரைத் தொட்டிருக்கும்? அதற்குப் பதிலாக வந்துள்ள 2020 தொழிலாளர் தொகுப்புச் சட்டம் ஐந்தைப் பத்தாக்கிவிட்டது. ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்ற விதி 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்கு வந்திருக்கிறது, நல்லது, வரவேற்போம். நின்ற நாளுக்குக் கூலி பற்றி எங்கும் பேச்சில்லை.

இனி நம்மைப் பற்றி. 2024 ஜனவரி முதல் இரண்டு நாட்கள் நினைவிருக்கும். விபத்து நடந்து ஓடிவிட்டால் பத்தாண்டுச் சிறை என்ற நியாய சங்கிதாவின் 106(2) பிரிவை எதிர்த்து ஓட்டுநர்கள் பல மாநிலங்களில் வண்டிகளை நிறுத்தினார்கள். பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. உள்துறைச் செயலர் பேச்சுக்கு அழைத்தது லாரி உரிமையாளர்களின் அமைப்பை. சிறைக்குப் போக வேண்டியவர் ஒருவர், பேசியவர் இன்னொருவர். அந்தப் பிரிவு மட்டும் இன்றளவும் நடைமுறைக்கு வராமல் நிற்பது ஓட்டுநர்களின் வெற்றி. அந்த மேசையில் அவர்களுக்கு இருக்கை இல்லாமற்போனதில் நமக்கும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன். ஆலை வாசலில் துண்டறிக்கை கொடுத்துப் பழகியவர்கள் நாம். வாசலே இல்லாத தொழிலாளியை எங்கே சந்திப்பது என்று தயங்கினோம்.

அவர் காத்திருக்கும் இடங்களே வாசல். பகலில் கனரக வண்டிகள் நகருக்குள் நுழையத் தடை இருப்பதால், சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் ஓட்டுநர்கள் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள். நாமக்கல், சேலம் வண்டிகளும் அங்கே வருகின்றன. நம்மில் பலருக்கு அவர்களோடு பேச மொழியும் இருக்கிறது. தமிழிலும் இந்தியிலும் ஒரு கேள்வித்தாள் தயாரித்திருக்கிறேன். முதல் கேள்வி: கடைசியாக வண்டி படுத்தபோது எத்தனை நாள் நின்றீர்கள், அந்த நாட்களுக்கு என்ன கிடைத்தது? வரும் ஞாயிறு பிற்பகல் வரக்கூடிய தோழர்கள் இடைவேளையில் என்னிடம் பெயர் கொடுக்கவும்.