மாட்டுக்குப் பல் பார்த்தோம், கம்ப்யூட்டருக்குப் பார்க்கவில்லை

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பாகப் பேசியது)



தொழில் செய்து ஜெயித்த கதையைப் பேசச் சொன்னாங்க. அதைப் பேச நிறையப் பேர் இருக்காங்க, நாங்க ஏமாந்த கதையைப் பேசறோம்னு கேட்டு வாங்கி வந்திருக்கோம். ஏமாந்தோம்னும் முழுசாச் சொல்ல முடியாது. கடைக்காரர் பொய் சொல்லலை. பில்லில் என்ன எழுதினாரோ அதுதான் பெட்டிக்குள்ளே இருந்தது. அந்த பில்லைப் படிக்கத்தான் எங்களுக்குத் தெரியலை. நம்ம கூட்டமைப்பில் இந்த வருஷம் நாலு குழுக்கள் கம்ப்யூட்டர் வாங்கக் கடன் கேட்டிருப்பதாகக் கேள்விப்பட்டோம். அவங்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

2023-ல் நாங்க பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஊரில் ஒரு சின்ன கடை பிடித்தோம். பிள்ளைகளின் உதவித்தொகை மனு, பரீட்சை விண்ணப்பம், பிரிண்ட், ஜெராக்ஸ் எல்லாம் செய்து கொடுக்கிற கடை. இதுக்கெல்லாம் டவுனுக்குப் போனால் பஸ் செலவோடு ஒரு நாள் கூலியும் போகுதே! எங்கள் உறுப்பினர் ஒருத்தரின் மகள் பி.காம். முடித்திருந்தாள். அவளே கடையைப் பார்த்துக்கொள்வது என்று முடிவு. கடன் தொகை கைக்கு வந்த வாரமே அவளோடு நாங்க ரெண்டு பேர் கிளம்பிப் போனோம்.

முதல் கடையில் ஐ3, 12-ம் ஜெனரேஷன், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. மானிட்டரோடு 28,500 ரூபாய் சொன்னாங்க. ரெண்டாவது கடையில் ஐ7, அதே 8 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். அதுவும் மானிட்டரோடுதான், 19,500 ரூபாய். நீங்களே சொல்லுங்க, எதை எடுப்பீங்க? மூணை விட ஏழு பெரிசு. 256-ஐ விட 500 பெரிசு. பணமோ 9,000 மிச்சம். பொண்ணு விவரமானவள், எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று ரெண்டு இடத்திலும் கேட்டாள். ஐ3-க்கு 3.3, ஐ7-க்கு 3.4 என்றார்கள். அதிலும் ஐ7தான் மேலே. பெட்டி புத்தம் புதுசு, ஒரு பக்கம் கண்ணாடி, உள்ளே நீல விளக்கு வேற. "செட் பண்ணி ரெடியா இருக்குதுங்க அக்கா, கொண்டு போய் சுவிட்சைப் போட வேண்டியதுதான்" என்றார். அப்படியே ஆட்டோவில் ஏற்றி வந்துவிட்டோம்.

நாலாம் நாளே சண்டைக்குப் போனோம். 500 ஜிபி என்று சொல்லிவிட்டு உள்ளே 465தான் காட்டுது, மீதி 35 எங்கே என்று கடை வாசலில் நின்று சத்தம் போட்டோம். அவர் சிரித்துக்கொண்டே சொன்ன பதில் அன்றைக்கு எங்களுக்குப் புரியலை. டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024, 1,024-ஆக எண்ணுகிறது. சின்னப் படியால் அளந்த நெல்லைப் பெரிய படியால் திரும்ப அளந்தால் படிக் கணக்கு குறையும், நெல் குறையாது. 1 டிபி டிஸ்க் வாங்கினாலும் 931 ஜிபி என்றுதான் காட்டும். ஆக, குறையே இல்லாத இடத்தில் சண்டை போட்டுவிட்டு, குறை இருந்த இடத்தைப் பார்க்காமல் வீடு திரும்பினோம்.

குறை என்னவென்று மெதுவாகத் தெரிந்தது. காலையில் சுவிட்சைப் போட்டால் வேலைக்குத் தயாராக அஞ்சு நிமிஷம். விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து, சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்றுவதற்குள் பக்கம் காலாவதி ஆகிவிடும், மறுபடி முதலிலிருந்து. கடைசித் தேதி நெருங்குகிற நாளில் பதினஞ்சு பேர் வாசலில் நிற்பாங்க, பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே டவுனுக்கு பஸ் ஏறிடுவாங்க. நாலாவது மாசம் தவணை கட்ட எங்கள் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டி வந்தது. அன்றைய கூட்டத்தில் வாய் வார்த்தை தடித்துவிட்டது. "படிச்ச பொண்ணுன்னு நம்பி அனுப்பினோம்" என்று ஒருத்தர் சொல்ல, "கடைக்காரன்கிட்ட கமிஷன் வாங்கிட்டாளோ" என்று இன்னொருத்தர் சொல்லிவிட்டார். பொண்ணு அழுதுகொண்டே சாவியைப் பாயில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் அம்மாவும் ரெண்டு மாசம் கூட்டத்துக்கு வரலை. சொன்னவங்க யாரென்று இங்கே சொல்ல மாட்டோம். ஆனா அவங்களும் இப்போ இந்த மேடையில்தான் எங்களோடு நிற்கறாங்க.

எங்கள் ஊரில் பாலிடெக்னிக் படிக்கும் பையன் ஒருவன்தான் பில்லை வாங்கிப் பார்த்தான். அதில் ஐ7-2600 என்று இருந்தது. "அக்கா, இது 2011-ல் வந்த புராசஸர்" என்றான். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேபினட் புதுசு, மானிட்டர் புதுசு, ஓடுகிற என்ஜின் மட்டும் பன்னிரண்டு வருஷப் பழசு.

அவன் சொன்னதை எங்களுக்குப் புரிந்த மாதிரி சொல்றோம். காங்கேயம் காளை என்று பேர் சொன்னால் போதுமா? வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் யாராவது பணம் கொடுப்போமா? ஐ3, ஐ5, ஐ7 என்பது ஒரே ஈட்டில் பிறந்ததுகளுக்குள்ளே எது திடமானது என்று சொல்கிற பேர். எந்த வருஷத்து ஈடு என்பதை அதற்குப் பின்னால் வரும் எண் சொல்லும். கடைசி மூணு இலக்கத்தை விட்டுவிட்டு மீதியைப் படிக்கணும். 2600 என்றால் ரெண்டாம் தலைமுறை. 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, அது 2022-ல் வந்தது. நாங்க வேண்டாம் என்று விட்டு வந்த ஐ3 அதுதான். கிகாஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட ஒண்ணாக இருந்தாலும், ஒவ்வொரு துடிப்பிலும் அது செய்து முடிக்கிற வேலை ஏறக்குறைய ரெண்டு மடங்கு. (இந்தப் பல் கணக்கு மேஜையில் வைக்கிற இன்டெல் ஐ வகைக்கு மட்டும்தான். ரைசனுக்கும், புதுசா வருகிற கோர் அல்ட்ராவுக்கும் எண் வைக்கும் முறையே வேற.)

அடுத்தது ஜிபி. ராமிலும் ஜிபி, டிஸ்க்கிலும் ஜிபி, அதனால் ரெண்டையும் ஒண்ணு என்றே நினைச்சிருந்தோம். டிஸ்க் என்பது குதிர், ராம் என்பது களம். குதிர் எத்தனை பெரிசானாலும் களத்தின் அளவுக்குத்தான் ஒரே நேரத்தில் கட்டுகளைப் பிரித்துப் போட முடியும். எங்கள் வேலைக்கு 8 ஜிபி களம் போதும், அதில் தப்பில்லை. தப்பு குதிரின் வாயில் இருந்தது. ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுற்றணும், முள் நகர்ந்து தேடணும். எஸ்எஸ்டியில் சுற்றுகிற பாகமே கிடையாது, கேட்டதும் எடுத்துத் தரும். பெரிசு என்று நாங்க எடுத்து வந்த 500 மெதுவானது, சிறிசு என்று விட்டு வந்த 256 வேகமானது.

பையன் சொன்னபடி 1,800 ரூபாய்க்கு 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் போட்டோம். அஞ்சு நிமிஷம் அரை நிமிஷமாகிவிட்டது! இவ்வளவு சின்னச் செலவில் தீர்கிற காரியத்துக்கா ஒரு குடும்பத்தை ரெண்டு மாசம் ஒதுக்கி வைத்தோம் என்று வெட்கமாகப் போச்சு. ஏழு பேர் அவள் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டோம். முதல் தடவை வரலை. ரெண்டாம் தடவை, கமிஷன் என்று சொன்னவரே முன்னால் போய் நின்றார். வந்தாள்.

ஆனாலும் என்ஜின் பழசு பழசுதான். விண்டோஸ் 10-க்குக் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிறகு வந்ததோ இருக்கணும் என்பது அவங்க விதி. ஊரார் ஆதாரையும் பாஸ்புக்கையும் பாதுகாப்பு இல்லாத பெட்டியில் வைப்பது சரியில்லை என்று போன வருஷக் கடைசியில் புது செட் வாங்கினோம். பழைய ராமையாவது மாற்றிப் போடலாம் என்று பார்த்தால், அது டிடிஆர்3, புதுசுக்கு டிடிஆர்4 வேணும், பொருந்தாது. எஸ்எஸ்டி மட்டும் பொருந்தியது.

இந்தத் தடவை கறவை மாடு வாங்குவது போலவே வாங்கினோம். ரெண்டு வேளை கறந்து பார்க்காமல் கயிற்றைப் பிடிக்க மாட்டோமே! கடையிலேயே போட்டுக் காட்டச் சொன்னோம். பொண்ணு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணு பட்டனையும் சேர்த்து அழுத்தினாள். டாஸ்க் மேனேஜர் வந்தது. அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற இடத்தில் புராசஸரின் முழு எண், ராம் அளவு, டிஸ்க் எஸ்எஸ்டியா ஹார்டு டிஸ்க்கா என்பது எல்லாம் தெரிந்தது. ராம் சொருக எத்தனை இடம், அதில் எத்தனை காலி என்பதுகூட அங்கேயே இருக்கு. பார்த்ததை அப்படியே முழு எண்ணோடு பில்லில் எழுதச் சொன்னோம். சும்மா "ஐ5 கம்ப்யூட்டர் 1" என்று எழுதின பில்லை வாங்காதீங்க. விண்டோஸ் காசு கொடுத்து வாங்கினதா, சும்மா போட்டுக் கொடுத்ததா என்பதையும் கேளுங்க. பில்லில் டாஸ் என்று இருந்தால் விலையில் விண்டோஸ் சேரலை என்று அர்த்தம். வைஃபை உண்டா என்றும் கேட்கணும். எங்கள் முதல் பெட்டியில் அது இல்லாமல், போன் நெட் வரலை என்று ஒரு நாள் பூரா முழிச்சோம்.

பழைய பெட்டியை விற்கலை. நெட் கனெக்ஷனை எடுத்துவிட்டு குழுக் கணக்கு எழுத வைத்திருக்கிறோம், நல்லாத்தான் ஓடுது. கடன் கேட்டிருக்கும் நாலு குழுக்காரங்களும் கடைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்னால் எங்களுக்குச் சொல்லிவிடுங்க. பொண்ணு கூட வருவாள். பஸ் செலவும் மத்தியானச் சாப்பாடும் நீங்க பார்த்துக்கணும், அவ்வளவுதான்.