ரத்தத்துக்கு ஈடு ரத்தமே

(ஸ்ரீமுஷ்ணத்தில் நம் அறக்கட்டளை நடத்திய ரத்த தான விழிப்புணர்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



ஜமாஅத் பெரியவர்களே, தாய்மார்களே, இளைஞர்களே!

விபத்திலோ பிரசவத்திலோ ரத்தம் அதிகமாகப் போய்விட்டால், நம் வீடுகளில் முதலில் வரும் பேச்சு, "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர், தெம்பு வந்துடும்" என்பதுதான். நான் டாக்டர் அல்ல. படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

வளர்ந்த ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் 2 லிட்டர் போனாலே உயிருக்கு ஆபத்து. அந்த நேரத்தில் குளுக்கோஸ் தண்ணீர் ரத்தக் குழாயில் நிற்காது. உடம்பெங்கும் பரவிப் போய்விடும். அதனால்தான் டாக்டர்கள் சலைன் என்ற உப்பு நீரையோ, ரிங்கர் லாக்டேட்டையோ ஏற்றுகிறார்கள்.

உப்பு நீரை நரம்பில் ஏற்றும் முறை 1832இல் ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்ற டாக்டர் காலரா நோயாளிகளுக்குச் செய்தது. காலராவில் போவது தண்ணீரும் உப்பும். அதையே திருப்பிக் கொடுத்தார். காயத்தில் போவது ரத்தம். உப்பு நீர் பிராணவாயுவைச் சுமக்காது, ரத்தத்தை உறைய வைக்காது. அளவுக்கு மீறி ஏற்றினால் மீதமுள்ள ரத்தமும் நீர்த்துப்போகும். அழுத்தம் கூடி, அடைபட்ட காயம் மறுபடி கசியும்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில், உடலில் குத்துக்காயம், குண்டுக்காயம் பட்ட 598 பேரை வைத்து ஆராய்ந்து 1994இல் வெளியிட்டார்கள். வழியிலேயே திரவம் ஏற்றப்பட்டவர்களில் 100க்கு 62 பேர் பிழைத்தார்கள். ஆபரேஷன் வரை நிறுத்தி வைக்கப்பட்டவர்களில் 70 பேர். இது எல்லாக் காயத்துக்கும் பொருந்தாது. தலைக்காயத்துக்குக் கணக்கு வேறு. ஆகவே, "இன்னும் ரெண்டு பாட்டில் போடுங்க" என்று நாம் வற்புறுத்தக் கூடாது. அளவை டாக்டர் முடிவு செய்யட்டும்.

ரத்தக் கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் என்ற ஊசியும் உண்டு. 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்ட காயமடைந்தவர்களிடம் செய்த ஆய்வு, 2010இல் அதன் பலனை உறுதி செய்தது. ஆனால் 3 மணி நேரத்துக்குள் போட வேண்டும். நம் ஊரிலிருந்து சிதம்பரமோ விருத்தாசலமோ போய்ச் சேர ஆகும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டில் கூடிப் பேசி நேரத்தைக் கழிக்காதீர்கள். சுத்தமான துணியை வைத்துக் காயத்தை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். காபி, தண்ணீர் கொடுக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள். சாலை விபத்தென்றால், முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' அரசுத் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடப்பில் உள்ளது. பணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம்.

உப்பு நீர் ரத்தம் வந்து சேரும்வரை தாங்கிப் பிடிக்கும்; அவ்வளவுதான். அந்த ரத்தம் எந்தத் தொழிற்சாலையிலும் தயாராவதில்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் கைகளில்தான் இருக்கிறது. 18 வயது நிரம்பி, 45 கிலோ எடையும் தேவையான ஹீமோகுளோபின் அளவும் உள்ளவர்கள் 350 மில்லி கொடுக்கலாம். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறை.

கர்ப்பிணி இருக்கும் வீட்டார், பேறுகாலத்துக்கு முன்பே அந்த குரூப் ரத்தம் உள்ள இருவரிடம் பேசி வையுங்கள். இளைஞர்கள் இன்று போகும்போது பெயர், ரத்த குரூப், போன் நம்பர் மூன்றையும் நம் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போங்கள். நள்ளிரவில் அழைப்பு வந்தால் எடுங்கள். இன்ஷா அல்லாஹ், ஒரு தாய் தன் பிள்ளையோடு வீடு திரும்ப அது காரணமாகும்.