நிறம் போனால் நஞ்சும் போனதா?

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடையில் ஆய்வுகூடக் கதை எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். வெளிச்சத்தைக் கொண்டு தண்ணீரிலுள்ள மாசை உடைக்கும் ஒரு தூளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம். தண்ணீர் எல்லோருக்கும் பொதுவானதுதானே!

இத்துறையில் முதலில் பெயர் பெற்றது தைத்தேனியமீரொட்சைட்டு. சுவர்ப் பூச்சுக்கு வெண்மை தருவதும் அதுவே. 1972இல் ஜப்பானியரான புஜிஷிமாவும் ஹொண்டாவும் அதன்மேல் ஒளி பாய்ச்சி நீரைப் பிரிக்கலாம் என்று காட்டினார்கள். ஒளி பட்டதும் உள்ளே ஓர் இலத்திரன் கிளம்ப, அது இருந்த இடம் துளையாகிறது. இரண்டும் மேற்பரப்பை அடைந்தால், நீருடனும் ஒட்சிசனுடனும் தாக்கமடைந்து மாசை உடைக்கும் மூலிகங்களைத் தரும். வழியிலேயே மீண்டும் சேர்ந்துவிட்டால் ஒளி வீண். நனோ அளவில் செய்வது இந்தத் தூரத்தைக் குறைக்கத்தான்.

ஆனால் அதற்குக் கழியூதா ஒளி வேண்டும். வெயிலில் அது நூற்றுக்கு 5 பங்களவே. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் காபன் நைத்திரைட்டு வேலை செய்யும் என்பது 2009இல் வெளிவந்தது. நாங்கள் செய்வதும் அதைத்தான். வயலுக்குப் போடும் யூரியாவை மூடிய புடக்குகையில் 550 பாகை செல்சியஸ் வரை சூடாக்குவோம். அமோனியா மூக்கைத் துளைக்கும். நிறைய வைத்தாலும் கொஞ்சம் வெளிர்மஞ்சள் தூள்தான் மிஞ்சும். அதை மறுபடி திறந்த காற்றில் 500 பாகைக்குச் சூடாக்க, மெல்லிய தாள்களாகப் பிரியும்.

மெதிலீன் நீலம் கரைத்த நீரில் இதைப் போட்டு விளக்கின்கீழ் வைத்தால் நீலம் மறையும். படம் எடுக்க நல்ல அழகு. அத்தோடு நிறுத்திவிடும் கட்டுரைகள் ஏராளம். சாயம் தூளில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். சாயமே ஒளியை உறிஞ்சிச் சிதைந்திருக்கலாம். நிறம் தரும் பகுதி மட்டும் உடைந்து, மிச்சம் நீரிலேயே கிடக்கலாம். ஆகவே முதலில் இருட்டில் கலக்கிவைப்போம். தூள் போடாத முகவையொன்றையும் விளக்கின்கீழ் வைப்போம். பின்னர் நிறமில்லாத பீனோலைக் கொண்டு திரும்பவும் பார்ப்போம். கடைசியாக, நீரில் எஞ்சிய மொத்தச் சேதனக் காபனை அளப்போம். அது குறையாதவரை, தண்ணீர் எவ்வளவு தெளிந்திருந்தாலும் சுத்தம் என்று சொல்லமாட்டோம். அந்தத் தண்ணீரை யாரோ ஒரு பிள்ளை குடிக்கப்போகிறது.

“எங்கட கிணத்துக்கு இதைப் போடலாமோ?” என்று யாழ்ப்பாணத்தார் கேட்கிறார்கள். அங்கே பெரிய தொல்லை பசளையாலும் மலக்குழிகளாலும் வரும் நைத்திரேற்று. அது ஏற்கெனவே முற்றாக ஒட்சியேறிய பொருள். இந்த ஒட்சியேற்றம் அதை ஒன்றும் செய்யாது. சில பூச்சிகொல்லிகளை உடைக்கலாம், அவ்வளவுதான்.

தூளை நீரிலிருந்து திரும்ப எடுப்பது இன்னொரு சிக்கல். இப்போது கண்ணாடி மணிகளில் பூசிப் பார்க்கிறோம். தடித்துப் பூசினால் ஒளி அடிவரை போவதில்லை. மெல்லிதாகப் பூசினால் கழன்றுவிடுகிறது. அடுத்ததாக மணலில் பூசிப் பார்க்க இருக்கிறோம்.