வாயிலின் அகலமும் மாணவரின் தகுதியும்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

மகாவீரர் பிறந்த நன்னாளைக் கொண்டாடும் இப்பருவம், தருமபுரி மாவட்டத்து இல்லங்கள் பலவற்றில் கவலை குடிபுகும் பருவமுமாகும். மேல்நிலைப் பொதுத்தேர்வு முடிந்திருக்கும். மே மாதத்து நீட் தேர்வு கண்முன் நிற்கும். ‘இடம் கிடைக்குமா?’ என்னும் வினாவே எங்கும் ஒலிக்கும். கிடைக்காவிடில், ‘பிள்ளைக்குத் தகுதி போதவில்லை’ என்று ஊராரும், சில வேளைகளில் பெற்றோருமே தீர்ப்பெழுதிவிடுகின்றனர். அத்தீர்ப்பு முறைதானா என்பதை எண்களைக் கொண்டு ஆராய்தல் நன்று.

உலகில் நுழைவதற்கு அரிய கல்விக்கூடம் எது என்று கேட்டால் பலரும் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சுட்டுவர். 1990-களின் நடுவில் அதன் இளநிலைப் படிப்புக்கு ஆண்டுதோறும் விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 18,000 பேர். நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இடம் பெற்றனர். 2024-இல் விண்ணப்பங்கள் 54,008. இடம் வழங்கப்பெற்றோர் 1,937 பேர். நூற்றுக்கு நால்வர்கூட இல்லை. இக்காலத்தில் அமெரிக்க மாணவர்களின் அறிவு குன்றிவிட்டதா? இல்லை. இடங்கள் ஏறத்தாழ அப்படியே இருக்க, வாயிலில் நிற்போர் தொகை மும்மடங்காயிற்று. ஒரே பொது விண்ணப்பத்தால் பல பல்கலைக்கழகங்களுக்கு முயலும் வசதி பெருகியது. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் எஸ்ஏடி தேர்வு மதிப்பெண் கட்டாயமன்று எனப் பல நிறுவனங்கள் அறிவித்ததும் கூட்டத்தைப் பெருக்கியது. சேர்க்கை விழுக்காடு குறைவதற்கு விண்ணப்பிப்போர் பெருக்கமே போதிய காரணமாகிவிடுகிறது.

இதே கணக்கை நம் நாட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். 2024-ஆம் ஆண்டு நீட் தேர்வை எழுதியோர் 23 லட்சத்திற்கு மேற்பட்டோர். நாடு முழுவதும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்தைச் சற்றே கடந்தவை. அவற்றில் ஏறத்தாழப் பாதியே அரசுக் கல்லூரிகளில் உள்ளவை. அதே ஆண்டு ஐ.ஐ.டி.களில் இருந்த இடங்கள் 17,740; அவற்றை நோக்கிய முதற்படியாகிய ஜே.இ.இ. முதன்மைத் தேர்வை எழுதியோர் 14 லட்சம் பேர்.

இங்கே கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. 2024 நீட் தேர்வில் ‘தகுதி பெற்றோர்’ என அறிவிக்கப்பட்டோர் 13 லட்சத்திற்கு மேற்பட்டோர். தேர்வை நடத்தியவர்களே தகுதியுடையோர் என ஏற்றுக்கொண்ட இவர்களுள், பன்னிருவர்க்கு ஒருவர் என்ற அளவிலேயே எம்.பி.பி.எஸ். இடம் இருந்தது. எஞ்சிய பதினொருவரைத் தகுதியற்றோர் என எவ்வாறு கூறவியலும்? அவர்களுக்கு இல்லாதது இடமே.

வாயிலை அகலப்படுத்தினால் என்ன நிகழும் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. 2007 முதல் இங்குத் தொழிற்கல்விச் சேர்க்கை மேல்நிலைத் தேர்வு மதிப்பெண் அடிப்படையில் நடைபெற்றது. 2017-இல் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் கட்டாயமாயிற்று. அதன்பின் அரசுப் பள்ளியில் பயின்று எம்.பி.பி.எஸ். இடம் பெற்றோர் தொகை 2019-இல் ஒற்றை இலக்கமாகச் சுருங்கியது. நீதியரசர் கலையரசன் குழுவின் பரிந்துரையை ஏற்று, 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு சட்டமாயிற்று. அவ்வாண்டே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டிலும் சேர்ந்து 400-க்கு மேற்பட்ட இடங்கள் அவர்களுக்கு உரியவாயின. ஓராண்டுக்குள் அரசுப் பள்ளிகளின் அறிவு நூறு மடங்கு வளர்ந்துவிடவில்லை. வழி திறக்கப்பட்டது, பிள்ளைகள் நடந்தனர். 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலியவற்றுக்கும் இவ்வொதுக்கீடு விரிந்தது.

நம் மாவட்டத்திற்கு இச்செய்தி மிக நெருங்கியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மாவட்டங்களுள் எழுத்தறிவில் கடைசி இடத்தில் நின்றது தருமபுரி: 68.54 விழுக்காடு. அத்தகைய மாவட்டத்தில் 2008-இல் 100 இடங்களுடன் அரசு மருத்துவக் கல்லூரி எழுந்தது. 2013-இல் செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி வந்தது. 2022 ஜனவரியில் மாநிலத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் அண்டை மாவட்டமாகிய கிருஷ்ணகிரியின் கல்லூரியும் ஒன்று. மாரண்டஅள்ளியிலும் அரூரிலும் உள்ள ஒரு பிள்ளைக்குக் கடல் கடந்த பல்கலைக்கழகத்தின் தரவரிசையைவிட, வீட்டிலிருந்து பேருந்தில் சென்றடையும் தொலைவில் ஒரு கல்லூரி இருப்பதே பெரும்பேறு.

ஆதலின் பெற்றோர் கருத வேண்டுவன சில. ஒன்று, 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு உரியது. ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவே பின்னாளில் ஒரு கதவைத் திறக்கவோ அடைக்கவோ செய்யும். கடன்பட்டுப் பிள்ளையைத் தொலைவிலுள்ள விடுதிப் பள்ளிக்கு அனுப்பும் முன் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரண்டு, மீண்டும் ஓராண்டு பயிற்சிக்குச் செல்வதா என்பதை ஊர்ப்பேச்சு முடிவு செய்தலாகாது. சென்ற தேர்வின் மதிப்பெண், குடும்பத்தின் பொருள்நிலை, பிள்ளையின் மனநிலை ஆகிய மூன்றும் இசைந்தாலன்றி அம்முயற்சி வேண்டா. மூன்று, பொறியியற் கலந்தாய்வு இன்றும் மேல்நிலை மதிப்பெண்ணைக் கொண்டே நடைபெறுகிறது. ஜே.இ.இ. எழுதாதவரும் சேரத்தக்க தரவு அறிவியல் பட்டப்படிப்பைச் சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கியது. ஒரு வாயிலின்முன் நின்று கண்ணீர் வடிப்போர் பிற வாயில்களின் இறுதி நாளைத் தவறவிடுதல் கூடாது.

சமூகத்திற்கும் கடமை உண்டு. நால்வகைத் தானங்களுள் சாத்திர தானத்தை வைத்துப் போற்றியது நம் மரபு. நூல் வழங்குதலோடு, நூலுக்கும் கல்லூரிக்கும் செல்லும் வழியைக் காட்டுதலும் அத்தானமே. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி காணும் பிள்ளைக்குப் பணத்தினும் முன்னதாகத் தேவைப்படுவது, விண்ணப்பம் நிரப்பவும் முதல் பட்டதாரிச் சான்றிதழ் பெறவும் கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்தவும் உடனிருந்து உதவும் ஒருவர். இம்மாவட்டத்துச் சமணக் குடும்பங்களில் கற்றோர் பலர் உளர். ஒவ்வொருவரும் கோடைதோறும் இரு பிள்ளைகளுக்கு, எச்சமயத்தைச் சார்ந்தவராயினும், இவ்வுதவியைச் செய்ய முன்வரலாம்.

மாணவச் செல்வங்களே, தேர்வு முடிவு வரும் நாளில் ஓர் எண் உங்கள் கைக்கு வரும். அவ்வெண், அந்த ஆண்டில் எத்தனை பேர் எழுதினர், எத்தனை இடங்கள் இருந்தன என்பவற்றோடு கலந்தே பொருள் தருவது. உங்கள் உழைப்பையும் ஒழுக்கத்தையும் அளக்கும் கோல் அதனிடம் இல்லை. நன்கு எழுதுங்கள், வருவதை நேர்கொண்டு ஏற்று, அடுத்த வாயிலை நோக்கி நடங்கள்.